சேற்றுக்குள் போய் வந்த ஜீப்: கியர்பாக்ஸை இறக்கும் முன் கிளட்சைப் பார்க்கும் முறை

ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை முடிய என் பட்டறைக்கு வரும் ஜீப்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான். "அண்ணே, கிளட்ச் போயிருச்சு." எங்கிட்டுப் போயிட்டு வந்தீங்க என்று கேட்டால் கள்ளிக்குடிப் பக்கம் தோட்டத்துக்கு, பேரையூர்ப் பக்கம் கண்மாய்க்கு, சாப்டூர் மலையடிவாரத்துக்கு என்று ஏதாவது பதில் வரும். கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவது என்ற முடிவோடுதான் வந்து நிற்பார்கள். வேறு எங்காவது எஸ்டிமேட்டும் வாங்கி வைத்திருப்பார்கள். எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் மேல் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ஃபோர்க் என்ற கவை ரிலீஸ் பேரிங்கைத் தள்ளி அந்தப் பிடியை விடுவிக்கும். இவை எல்லாம் பெல் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும். நான் முதலில் எடுப்பது ஓஸ் பைப்பும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரும்தான். பல வண்டிகளில் கிளட்ச் எங்கும் போயிருக்காது. உள்ளே போன சேறுதான் வெளியே போகாமல் இருக்கும்.

திருமங்கலத்தில் பட்டறை வைத்திருந்தாலும் நான் தொழில் பழகியது போடியில். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்கள் விடியக்காலையில் போடிமெட்டு ஏறி, தார் ரோட்டை விட்டு எஸ்டேட் பாதைக்குள் இறங்கும். மழைக்காலத்தில் அந்தப் பாதை முழுக்கச் சேறுதான். ஒரு நாள் வண்டி நின்றால் டிரைவருக்கும் கூலி போச்சு, ஏறிப்போக இருந்தவர்களுக்கும் போச்சு. அதனால் அங்கே கியர்பாக்ஸில் கை வைப்பது கடைசிப் பேச்சு. பெடலில் தொடங்கி பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போவார்கள். நான் இங்கே சொல்லப்போவதும் அதே வரிசைதான். பழைய மகிந்திரா, ஜிப்ஸி, தார், கூர்க்கா எதுவானாலும் வரிசை மாறாது, வண்டிக்கு வண்டி அமைப்பு மட்டும் கொஞ்சம் மாறும்.

எந்த மண் என்று முதலில் தெரியவேண்டும்

வெளியூர் மெக்கானிக் கேட்டால் சிரிப்பார். ஆனால் மதுரையைச் சுற்றி மண் ஒன்றல்ல. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் வட்டாரம் கரிசல். தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கிச் செங்கல் மாதிரி இறுகிவிடும். இந்த மண் கிளட்ச் பிளேட்டை அவ்வளவாகத் தேய்க்காது. ஆனால் ஃபோர்க், கேபிள், பெடல் மூட்டு என்று அசைய வேண்டிய எல்லாவற்றையும் பூட்டிவிடும். கரிசலில் இறங்கிய வண்டியை அன்றைக்கே ஈரத்தோடு கழுவியாக வேண்டும். மறுநாள் வெயிலில் காயவிட்டால் வேலை மூன்று மடங்கு.

மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் ரோட்டுப் பக்கம் செம்மண்ணும் சரளையும். தண்ணீர் விட்டால் சீக்கிரம் கரைந்து ஓடிவிடும். ஆனால் அதில் இருக்கிற மணல் உப்புத்தாள் வேலை பார்க்கும். பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே புகுந்தால் இரண்டிலும் வட்ட வட்டமாகக் கோடு விழும். அலசாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பிளேட் நிஜமாகவே போகும்.

சோழவந்தான், வாடிப்பட்டி வயல்காடும் வைகைக் கரையும் வண்டல். மாவு மாதிரி நைசான மண் என்பதால் ஃபோர்க்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையில் (பூட்) நூல் அளவு கிழிசல் இருந்தாலும் உள்ளே இறங்கிவிடும். தேய்மானத்தைவிடத் துரு அதிகம், ஏனென்றால் அங்கே சேறு என்றால் தண்ணீரும் சேர்த்துத்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மழை நேரத்தில் கண்மாய்க் கரை மேல் வண்டி ஏற்றாதீர்கள். டயர் தடம் பதிந்த இடத்தில் தண்ணீர் தேங்கி, அரித்து, கரை பலவீனமாகும். வண்டி ஓட்டிப் பழக வேறு இடமா இல்லை?

கிளட்ச்தானா என்று உறுதிப்படுத்துங்கள்

"ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம்தான் வருது, வண்டி இழுக்கல, கருகின வாடை வேற" என்று சொன்னவுடன் கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. போன மழையில் ஒரு ஜீப் இதே புகாரோடு வந்தது. ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் கை வைக்க முடியாத சூடு. டிரம்மைக் கழற்றினால் ஷூவுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே கரிசல் இறுகி, டிரம்மின் வளைவை அப்படியே அச்சு எடுத்து வைத்திருந்தது. அதற்குள் ஒரு சோளத்தட்டைத் துணுக்கு வேறு. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடியிருக்கிறது. வாடை பிரேக் ஷூவினுடையது. சுத்தம் செய்து, ஷூவை லேசாகத் தேய்த்து, செட் பண்ணி அனுப்பினோம். கிளட்ச் பக்கம் யாரும் போகவே இல்லை.

அதனால் முதல் வேலை: தரை மட்டமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளி நகரவில்லை என்றால் பிரேக்கைப் பாருங்கள். ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் இழுக்கும் மெதுவான ரேஞ்ச்) போட்ட லிவர் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். லிவர் பாதியில் மாட்டினாலும் வண்டி முக்கிக்கொண்டு நிற்கும்.

பிரேக் சரி என்றால் அடுத்த சோதனை. நல்ல ரோட்டில் நாற்பதில் போகும்போது நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் சட்டென்று ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப். நின்ற இடத்தில் பார்க்கவேண்டுமானால் ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபுட்பிரேக்கையும் அழுத்தி, நான்காவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அதுவே பிளேட்டைச் சுட்டுவிடும்.

இன்னொரு வகைப் புகார் கியர் விழவில்லை என்பது. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையிலும் முரண்டு பிடித்தால் கியர் லிவர் மூட்டில் சேறு. அணைத்தால் வழுவழுவென்று விழுந்து, ஸ்டார்ட் செய்தபின் கரகரவென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. ஐடிலில் பெடலை முழுக்க மிதித்து ஐந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். பெடலைப் படபடவென்று நாலைந்து முறை மிதித்தபின் கியர் விழுகிறதா? பெடல் அழுத்தத்தை ஆயில் கொண்டுபோகும் வண்டியானால் கோளாறு அந்த ஆயிலில், அதாவது ஆயில் போகும் லைனில் காற்று இருக்கிறது. மிதித்தாலும் மாற்றமில்லை என்றால் ஃபோர்க் அல்லது பிளேட்.

சத்தத்தைக் கேட்டும் ஓரளவு பிரிக்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங், கிரீஸ் கழுவிப் போயிருக்கும். பெடலை விட்ட நிலையில் நியூட்ரலில் உறுமி, மிதித்தால் அடங்கினால் அது கியர்பாக்ஸ் முன் பேரிங், கிளட்ச் கணக்கில் வராது.

பெடலில் இருந்து ஃபோர்க் வரை

பழைய ஜீப்களில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். அந்த மூட்டு சேஸிஸ் ஓரத்தில் சேற்றுக்கு நேராக இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள், எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ராடு முழுதாகப் போய் முழுதாகத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். மெதுவாகத் திரும்பினாலும் கோளாறுதான். திரும்பாத பெடல் ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் வழுக்கும். ஓட்டுகிறவர் பிளேட் போச்சு என்பார். ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்திருந்தாலும் இதே கதைதான்.

கேபிள் வண்டிகளில், ஜிப்ஸி மாதிரி, கேபிள் உறைக்குள் சேற்றுத் தண்ணீர் போய் உள்ளேயே காய்ந்துவிடும். இரண்டு முனையையும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். உரசல் தெரிந்தால் மேல் முனையைத் தூக்கிப் பிடித்து, மெல்லிய ஆயிலைக் கீழ்ப்பக்கம் சுத்தமாகச் சொட்டும்வரை விடுங்கள். இழை ஒன்று பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். மலையில் அறுந்தால் கியர் மாற்ற முடியாமல் நிற்பீர்கள். ஆனால் உறைக்குள் நைலான் இருக்கும் கேபிளுக்கு ஆயில் வேண்டாம் என்று சில கம்பெனிகள் மேனுவலில் போட்டிருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெடலில் ஃப்ரீ பிளே வேண்டும். கையால் அழுத்தும்போது எதிர்ப்பு தெரிவதற்கு முன்னால் வருகிற சும்மா அசைவு அது. ராடு, கேபிள் வண்டிகளில் பொதுவாக முக்கால் இன்ச் முதல் ஒரு இன்ச் வரை, உங்கள் வண்டிக்குச் சரியான அளவு மேனுவலில் இருக்கும். இல்லவே இல்லை என்றால் வழுக்கும், அதிகமானால் கியர் கடிக்கும். ஃபோர்க் முனையில் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டைத் திருப்பி, மறுபடி லாக் பண்ண வேண்டும். ஒரு விஷயம் முக்கியம்: சேற்றைக் கழுவாமல் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். சேறு அடைத்திருக்கும்போது வைத்த அளவு, சேறு போனதும் தப்பாகிவிடும்.

அடுத்தது ஃபோர்க். பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் ஒரு சன்னலில் இருந்து ஃபோர்க்கின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி ரப்பர் பூட். மேலூர்ப் பக்கத்துக் குவாரி ரோட்டில் ஓடுகிற ஒரு வண்டிக்கு பூட் கிழிந்து பாதிதான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் சன்னல் ஓரத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையே நகம் அளவுக்கு ஒரு சரளைக்கல். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது உருண்டு, ஃபோர்க் திரும்பி வரும்போது குறுக்கே நின்றிருக்கிறது. அதனால்தான் கோளாறு சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. மூக்கு பிளேயரால் எடுத்துப் போட்டு, புது பூட் மாட்டினேன். அந்தப் பூட் விலைக்கு இரண்டு டீ, வடை சாப்பிடலாம், அவ்வளவுதான். அதை மாற்றாமல் விடுவதால்தான் பெரிய செலவெல்லாம் வருகிறது.

பெல் ஹவுசிங்கை அலசுவது

இதுதான் முக்கிய வேலை, அவசரப்படாதீர்கள். வண்டி ஓடி வந்த சூட்டோடு தண்ணீர் அடிக்கக் கூடாது. சூடான ஃபிளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் பச்சைத்தண்ணீர் பட்டால் முகம் கோணிக்கொள்ளும், வெடிப்பும் விழலாம். ஹவுசிங் மேல் கை வைத்து வைத்தபடி இருக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

அடியில் தகரத்தில் ஒரு கவர் இருக்கும், பழைய ஜீப்களில் நாலைந்து போல்ட்டில் வந்துவிடும். அதைக் கழற்றியதும் சேறு கட்டியாக விழுந்தால் சந்தோஷப்படுங்கள், பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. கட்டியை மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களில் (டயஃப்ரம்) கீறல் விழும். கரிசல் காய்ந்து இறுகியிருந்தால் முதலில் நனைத்து, ஈரச்சாக்கைத் திணித்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். தானாகவே நெகிழ்ந்து வரும்.

பிறகு ஓஸ் பைப்பில் சாதாரண வேகத்தில் தண்ணீர். ஃபோர்க் சன்னல் வழியாக மேலிருந்து, பின் அடிப்பக்கத்தில் இருந்து. வாட்டர் சர்வீஸில் அடிக்கிற பிரஷர் கன் இங்கே கூடவே கூடாது. ரிலீஸ் பேரிங்கின் கிரீஸை அது துரத்திவிட்டு அந்த இடத்தில் மணலைத் திணித்துவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருவர் பெடலை மிதித்து மிதித்து விட, மற்றவர் தண்ணீர் விடவேண்டும். மிதித்த நேரத்தில்தான் பிளேட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே இடைவெளி திறக்கும், அங்கே இருக்கிற மண் அப்போதுதான் வரும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கால் சுற்று திருப்பி மறுபடி அலசுங்கள். ஒரே இடத்தில் அலசினால் ஒரு பக்கம் சுத்தமாகி மறுபக்கம் அப்படியே இருக்கும்.

கீழே விழும் தண்ணீர் தெளிந்தபின் எல்லோரும் வண்டிக்கு அடியில் இருந்து வெளியே வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்கள். நியூட்ரலில் பெடலை மெதுவாக மிதித்து விடுங்கள். சுற்றுகிற வேகத்தில் மிச்சத் தண்ணீர் சிதறி அடியில் வரும். ஓடுகிற எஞ்சினுக்குக் கீழே கையை நீட்டிப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அடிக் கவர் கழன்றிருக்கிறது, உள்ளே ஃபிளைவீலின் பல் சக்கரம் சுற்றுகிறது. விரல் போனால் போனதுதான்.

அலசியதும் அன்றைக்கே ஓட்டியாக வேண்டும். கவரை மாட்டாமல், காய்ந்த தார் ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர். முதல் சில முறை கிளம்பும்போது ஈரத்தில் லேசாக வழுக்கும் அல்லது உதறும், பயப்படாதீர்கள். ஆறேழு முறை நின்று நின்று மெதுவாகக் கிளம்பினால் காய்ந்துவிடும். திரும்பி வந்து சோதனையை மறுபடி செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் ஃபோர்க் மூட்டில் கொஞ்சம் கிரீஸ் வைத்து, பூட்டையும் கவரையும் மாட்டுங்கள். கிரீஸை அள்ளி வைக்காதீர்கள், சூட்டில் உருகிப் பிளேட்டில் தெறித்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

உதறல் மட்டும் மிச்சம் இருக்கிறது என்றால் எஞ்சின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். சேற்றில் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது அவை கிழியும். அதுவும் கிளட்ச் உதறல் போலவே தெரியும்.

புது வண்டிகள் சிலவற்றில் ஃபோர்க்கே கிடையாது. ஆயில் அழுத்தத்தில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும். அந்த வண்டியில் சன்னலும் இல்லை, அலசலும் இல்லை. அடியில் வடிகால் துளை இருந்தால் அது சேறடைத்திருக்கிறதா என்று குத்திப் பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

மறுநாள் காலையில் ஒட்டிக்கொண்ட பிளேட்

ராத்திரி தண்ணீருக்குள் போய் வந்து அப்படியே நிறுத்திவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்து ஸ்டார்ட் செய்தால் பெடல் சாதாரணமாக இறங்குகிறது, கியர் மட்டும் விழவே இல்லை. ஃபிளைவீலின் வார்ப்பிரும்பு முகத்தில் துரு பிடித்துப் பிளேட்டின் லைனிங் அதோடு ஒட்டிவிட்டது. டிராக்டர்காரர்களுக்கு இது பழகின விஷயம். உழவு இல்லாத மாதங்களில் பெடலை மிதித்து, கட்டை முட்டுக்கொடுத்து வைப்பார்கள்.

நீங்களும் அதையே முதலில் செய்யலாம். எஞ்சினை நியூட்ரலில் நன்றாகச் சூடாகவிட்டு அணைத்து, பெடலை முழுக்க அழுத்தி, சீட் சட்டத்துக்கும் பெடலுக்கும் நடுவே கட்டை வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பெரும்பாலும் "டக்" என்று விட்டிருக்கும்.

விடவில்லை என்றால் அடுத்த வழி. இதற்கு ஆளில்லாத, நீளமான வெட்டவெளி வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, டூ வீலில், இரண்டாவது கியரில் போட்டு, பெடலை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குதித்து ஓட ஆரம்பிக்கும், முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பெடலை மிதித்தபடியே ஆக்சிலேட்டரைக் கொடுத்துச் சட்டென்று விடுங்கள், மறுபடி கொடுங்கள், இடையிடையே பிரேக்கையும் அழுத்துங்கள். ஒரு கட்டத்தில் எஞ்சின் தனியாக ஓட, வண்டி தன்பாட்டில் உருளும். அதுதான் விட்ட நேரம். அதன்பின் சில முறை நின்று கிளம்பினால் துரு தேய்ந்து போய்விடும். சந்தில், தெருவில், வீட்டு வாசலில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம். எத்தனை முறை செய்தும் விடவில்லை என்றால் லைனிங் பெயர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்குவதுதான் சரி.

ஆயில் கிளட்ச்

பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் மூடியைச் சுற்றித் துடைத்துவிடுங்கள். சேற்றுக் கையோடு திறந்து, உள்ளே மண் விழுந்து, ஒரு வாரத்தில் பக்கெட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல்) கிழிந்து வந்த வண்டிகள் உண்டு. ஆயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஸ்லேவ் சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் ஒதுக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் பக்கெட் போய்விட்டது. தண்ணீரா ஆயிலா என்று சந்தேகமாக இருந்தால் விரலில் தொட்டுத் தேயுங்கள், பிரேக் ஆயில் வழவழக்கும். உள்ளே ஸ்லேவ் இருக்கிற வண்டிகளில் கசிவு ஹவுசிங் அடியில்தான் சொட்டும்.

சிலிண்டர் துளையில் துரு குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டு மாட்டுவதில் பிரயோஜனம் இல்லை, சில வாரத்தில் மறுபடி கசியும். சிலிண்டரையே மாற்றுங்கள்.

மூடியில் பிரேக் ஆயிலின் ரகம் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும், முழு லைனும் மாற்ற வேண்டிவரும். இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரி வேண்டும், ஈரம் சேர்ந்ததற்கு 140 போதும். டாட் 4-க்கு அதே கணக்கு 230, 155. சேற்றில் அரைக் கிளட்சில் முக்கி முக்கி ஓட்டும்போது ஹவுசிங் சூட்டில் பழைய ஆயிலில் ஆவி கட்டிப் பெடல் தரையோடு போவது இதனால்தான். ஆறினால் சரியாகிவிடும், மறுபடி சூடானால் மறுபடி போகும். அப்படி இருந்தால் பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும்.

காற்று எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஸ்லேவ் நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வையுங்கள். மேலே இருப்பவர் நாலைந்து முறை மிதித்துக் கடைசியில் அழுத்திப் பிடிப்பார். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மூடியபின்தான் பெடலை விடவேண்டும். "பிடி", "விடு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்ட காற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். டப்பாவில் ஆயில் அடி தட்டவிடாதீர்கள்.

வேறு வழியில்லை, இறக்கியாக வேண்டும்

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் வழுக்கினால், பேரிங் கத்தினால், பிளேட் விடாமலே இருந்தால் இறக்குங்கள். முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து இறங்கும்போது அதன் கனம் இரண்டு ஆளுக்கும் அடங்காது. கியர்பாக்ஸ் ஜாக்கி இல்லாமல், வீட்டு வாசலில், செங்கல் அடுக்கி இதைச் செய்யாதீர்கள். பட்டறைக்கு விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இவற்றைப் பாருங்கள், பார்க்கச் சொல்லுங்கள்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றும் முன் அதற்கும் ஃபிளைவீலுக்கும் சேர்த்து ஒரு கோடு, ப்ராபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சுகளிலும் ஒவ்வொரு கோடு. அதே இடத்தில் மாட்டினால்தான் அதிர்வு வராது. உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைக்கட்டும்.

பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேலே லைனிங் அரை மில்லிகூட இல்லை என்றால் மாற்ற வேண்டும். லைனிங் தடிமன் இருந்தும் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தால் அதுவும் ஆகாது. பெட்ரோலில் கழுவினால் இரண்டு நாள் பிடிக்கும், அப்புறம் உள்ளே ஊறினது கசிந்து வரும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கவேண்டும்: எஞ்சின் பின் ஆயில் சீலா, கியர்பாக்ஸ் முன் சீலா. சீலை மாற்றாமல் பிளேட் மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி வருவீர்கள். வெறும் சேறும் துருவும் மட்டும் என்றால் பிளேட்டை பிரேக் கிளீனரில் கழுவி, உப்புத்தாளில் லேசாக இழுத்து மாட்டலாம், தாராளமாக ஓடும். ஹப் ஸ்பிரிங் ஆடக் கூடாது, பற்களில் தேய்மானம் இருக்கக் கூடாது.

ஃபிளைவீல் முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு இருந்தாலோ நீல நீலமாகச் சூட்டுத் தழும்பு இருந்தாலோ லேத்தில் ஃபேசிங் பிடிக்க வேண்டும். இரண்டு பாகமாக நடுவே ஸ்பிரிங்கோடு வரும் டூயல் மாஸ் ஃபிளைவீல் உள்ள டீசல் வண்டிகளில் அப்படிக் கடைய முடியாது, ஆட்டம் பார்த்து மாற்றுவதுதான் வழி. ரிலீஸ் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றுங்கள். மணல் உரசும் ஓசை கேட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள், மறுபடி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கிராங்க் நடுவில் இருக்கிற பைலட் பேரிங்கையும் மறந்துவிடுவார்கள், விரல் விட்டுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் துரு பிடித்தால் பிளேட் விட்டாலும் ஷாஃப்ட் கூடவே சுற்றும், கியர் கடிக்கும்.

ஷாஃப்ட் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் துரு போக்கி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லப் பூசிப் பிளேட்டை முன்னும் பின்னும் ஓட்டி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். பிளேட்டில் எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று எழுதியிருக்கும். மையம் பார்க்கப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று இருந்தால் போதும். போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே போல்ட்டை முழுக்க இறுக்கினால் கவர் கோணும்.

கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போதே வடிகால் போல்ட்டைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் இரண்டையும் பார்த்துவிடுங்கள். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை இறங்கும்போது

சேற்றுக்குள் போவதற்கு முன்பே ஃபோர் லோ போடுங்கள், மாட்டிக்கொண்டபின் அல்ல. ஜீப் ரக வண்டிகளில் லோ ரேஞ்ச் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைக்கும். அதனால் கிளட்சை முழுக்க விட்டுவிட்டே நடை வேகத்தில் போகலாம். சேற்றுக்கு உள்ளே இருக்கும்போது கால் பெடல் மேலேயே இருக்க வேண்டாம். ஒன்று முழுக்க மிதி, இல்லை முழுக்க விடு. நாலு சக்கரமும் சும்மா சுற்றினால் கிளட்சுக்குச் சேதம் கிடையாது, அரைக் கிளட்சில் சக்கரம் நிற்க எஞ்சின் கத்துவதுதான் சேதம். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் இறங்கி மண்வெட்டியை எடுங்கள். பக்கத்து வயலில் டிராக்டர் இருக்கும், கேட்டால் வருவார்கள், இந்த ஊரில் அதற்குக் காசுகூட வாங்க மாட்டார்கள்.

கருகல் வாடை அடித்துவிட்டால் உடனே எஞ்சினை அணைக்காதீர்கள். சேற்றை விட்டு வெளியே எடுத்து, நியூட்ரலில் பெடலை விட்டு ஐடிலில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், சுற்றும்போது காற்றுப்பட்டு ஆறும். அதன் பிறகு ஸ்லிப் சோதனை செய்து பாருங்கள். நன்றாகப் பிடித்தால் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போகலாம்.

புது பிளேட் போட்டவர்கள் முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வரை சேறு, மலை, டிரெய்லர் மூன்றையும் தவிருங்கள், ஊருக்குள் நின்று கிளம்பும் ஓட்டமே அதற்கு நல்லது. அதன்பின் ஃப்ரீ பிளேயை ஒரு தடவை அளந்து பாருங்கள், ராடு, கேபிள் வண்டிகளில் கொஞ்சம் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும், பட்டறைக்கு வரவேண்டியதில்லை.